நைனா என்றொரு ஹார்ட் டிஸ்க்

போன வாரம் புது லேப்டாப்புக்குப் பழைய சமாச்சாரங்களை மாற்றிக்கொண்டிருந்தபோது ஒரே ஒரு வரி உள்ள குட்டி ஃபைல் கண்ணில் பட்டது. இன்ன சீரியல் நம்பர் உள்ள ஹார்ட் டிஸ்க்கைச் செருகினால் அதற்கு ‘நைனா’ என்று பெயர் வை. அவ்வளவுதான் விஷயம். அடையாறில் உட்கார்ந்திருக்கிற எனக்குச் சூடான பிளாஸ்டிக் வாசனையும் சாத்துக்குடித் தோல் வாசனையும் சேர்ந்து அடித்தன.

தி.நகரில் ஜூஸ் கடைக்கு மேல்மாடியில் கல்யாண வீடியோ எடிட் செய்கிற கடை எங்களுடையது. முதலாளி தூத்துக்குடிப் பக்கத்து அண்ணாச்சி. வேலைக்கு நானும் கோடம்பாக்கத்துச் செல்வியும். சாஃப்ட்வேருக்குக் காசு கொடுக்க அண்ணாச்சிக்கு மனசு வராது. அதனால் இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ். அந்தக் கஞ்சத்தனத்தால் கற்ற லினக்ஸில்தான் நான் இன்றைக்கும் சோறு தின்கிறேன்.

லினக்ஸில் ஒரு கருவியைச் செருகினால் அதற்கென்று உள்ள ஃபோல்டரில் ஒரு பெயர் முளைக்கும். பிடுங்கினால் பெயரும் போய்விடும். ஹார்ட் டிஸ்க் என்றால் கம்ப்யூட்டர் கண்ணில் முதலில் பட்டது ‘ஏ’, அடுத்தது ‘பி’, அதற்கடுத்தது ‘சி’. பஸ்ஸில் சீட் பிடிக்கிற மாதிரிதான். எங்கள் கடையில் ‘பி’ தினமும் எல்லாவற்றையும் அழித்துத் துடைக்கிற டிஸ்க், ‘சி’ பத்திரப்படுத்துகிற டிஸ்க். அண்ணாச்சிக்குத் தெரிந்த ஒரே கமாண்ட் ‘பி’யைத் துடைப்பது. ஒற்றை விரலால், கண்ணை மூடிக்கொண்டு அடிப்பார்.

ஒருநாள் சாந்தோமிலிருந்து ஒரு பையன் வந்தான். அவன் அக்கா கல்யாணத்தை நாங்கள்தான் எடுத்திருந்தோம். கல்யாணம் முடிந்த கொஞ்ச நாளில் அப்பா கடலுக்குப் போனவர் திரும்பவில்லை.

“அண்ணே, ரிசப்சன்ல எங்க நைனா ஆடுச்சே, அது உங்களாண்ட கீதா? வேற எங்கயும் இல்லண்ணே.”

“கீதுப்பா, உக்காரு, எடுத்துத் தர்றோம்” என்றாள் செல்வி.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய் வந்தது. கம்ப்யூட்டர் மறுபடி எழுந்தது. மறுநாள் முகூர்த்தத்துக்கு இடம் வேண்டுமென்று அண்ணாச்சி தன் கமாண்டை அடிக்க உட்கார்ந்துவிட்டார். விரல் எண்டர் மேல்.

“அண்ணாச்சி, கைய எடுங்க! டிஸ்க்கெல்லாம் இடம் மாறிக்கினு கீது!”

“ஏளா, எத்தன தடவ அடிச்சிருக்கேன், எனக்குத் தெரியாதா?”

செல்வி அவர் கையைப் பிடித்தே விட்டாள். ‘பி’யைத் திறந்தால் உள்ளே சாந்தோம் கல்யாணம். இந்த முறை பத்திர டிஸ்க் முந்திக்கொண்டு ‘பி’யாகியிருந்தது. அண்ணாச்சிக்கு வேர்த்துவிட்டது. செல்வி ரிசப்சன் வீடியோவை ஓடவிட்டாள்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்த மனிதர் ஆடினார். தாளத்துக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. “பாரேன், நைனா எப்டி ஆடுதுன்னு!” என்று சிரித்த பையன், சிரித்தபடியே அழுதான். அண்ணாச்சி கீழே போய் அவரே அவனுக்கு ஜூஸ் வாங்கி வந்தார்.

அன்றைக்கே செல்வி அந்த ஒற்றை வரியை எழுதினாள். எப்போது செருகினாலும் அந்த டிஸ்க்குக்கு ‘நைனா’தான் பெயர். நான் வீட்டிலும் எடிட் செய்வேன் என்பதால் என் கம்ப்யூட்டரிலும் அதைப் போட்டுக்கொடுத்தாள்.

கடை இருந்த இடத்தில் இப்போது நகைக்கடை. அண்ணாச்சி ஊரோடு போய்விட்டார். செல்வியின் பழைய நம்பர் யாரோ ஒருவருக்குப் போகிறது. டிஸ்க்கும் தேய்ந்து செத்துப்போனது. அவளைப் பார்த்தால் நன்றாக இருக்கும் என்று அடிக்கடி தோன்றுகிறது.

வரியை நான் அழிக்கவில்லை, புது லேப்டாப்பிலும் போட்டுக்கொண்டேன். எந்த டிஸ்க்கைச் செருகினாலும் புது லேப்டாப் முதலில் இது நைனாவா என்று பார்க்கிறது. இல்லை என்று தெரிந்த பிறகுதான் ஏதோ ஓர் எழுத்தோடு விட்டுவிடுகிறது.