கெட்டிக்காரக் கிளீனர்

தாவீது கூலிக்கு ஏர் ஓட்டிய வயலை ஒரு கம்பெனிக்காரர் வாங்கி முள்கம்பி போட்டது எழுபத்திரண்டாம் வருஷம். கும்மிடிப்பூண்டிப் பக்கம் அப்போதுதான் புகைக்கூண்டுகள் எழும்பிக்கொண்டிருந்தன. கம்பெனிக்குள்ளே வேலை கேட்டால் படித்திருக்கிறாயா என்றார்கள். தாவீது படித்தது மூன்றாவது வரைக்கும். வயதோ முப்பத்திரண்டு. பெண்சாதி விக்டோரியா செங்கல் சூளையில் கல் சுமந்தாள். பொழுது சாய்ந்தால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வருவாள். லாரி டிரைவரானால் மறுநாளே அவளைச் சூளையிலிருந்து நிறுத்திவிடுவதாக அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தான்.

லாரி ஓட்டக் கற்க இரண்டு வழி இருந்தது. திருவள்ளூரில் ஒரு டிரைவிங் ஸ்கூல். ஒரு கிழட்டு லாரியை வைத்துக்கொண்டு மூன்று மாதத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். இல்லையென்றால் ஏதாவது ஒரு டிரைவரிடம் கிளீனராகச் சேர்ந்து, அவரை வாத்தியார் என்று கூப்பிட்டு, அவர் மனசு வைத்து ஸ்டீயரிங்கைக் கொடுக்கும் வரைக்கும் காத்திருக்க வேண்டும்.

"இஸ்கூலுக்கே போயேன்யா. மூணு மாசத்துல கையில ஒரு காயிதமாச்சும் இருக்கும்" என்றாள் விக்டோரியா.

தாவீது கவரைப்பேட்டையில் லாரிகள் நிற்கும் டீக்கடைக்குப் போய் விசாரித்தான். அங்கே எல்லோரும் சிரித்தார்கள். ஸ்கூலில் கற்றவனை நம்பி எந்த ஓனர் லோடு ஏற்றுவான், யாரிடம் கிளீனராக இருந்தாய் என்றுதானே முதலில் கேட்பான் என்றார்கள். அதுவும் பொய்யில்லை. தாவீது செங்கல்வராயன் என்ற லாரி டிரைவரிடம் கிளீனராகச் சேர்ந்தான். தன்னைவிட நான்கு வயது சின்னவரை வாத்தியார் என்று கூப்பிட முதல் வாரம் நாக்கு கூசியது, அப்புறம் பழகிவிட்டது.

செங்குன்றத்தில் உர மூட்டை ஏற்றி நெல்லூரில் இறக்குவார்கள். திரும்பி வரும்போது வண்டி காலியாக இருந்தால்தான் ஸ்டீயரிங் என்பது பேச்சு. வண்டி காலியாக வந்த நாட்களிலும் மழை, போலீஸ், வாத்தியாருக்குத் தலைவலி என்று ஏதாவது ஒன்று வந்துவிடும். தாவீது முகம் சுளிக்கவில்லை. நன்றாக வேலை செய்தால் சீக்கிரம் கொடுப்பார் என்று நம்பினான். மனுஷன் செய்த தப்பு அதுதான். தார்ப்பாயை அவன் கட்டினால் புயலுக்கும் அசையாது. டயரைக் கம்பியால் தட்டியே காற்று எவ்வளவு என்று சொல்லிவிடுவான். அவன் இருக்கும் தைரியத்தில் செங்கல்வராயன் வண்டி நின்றதும் துண்டை விரித்துப் படுத்துவிடுவார்.

மூன்று வருஷம் ஓடியது, ஸ்டீயரிங் ஒரு தடவைகூடக் கைக்கு வரவில்லை. அதே ஓனரின் இன்னொரு லாரியில் சேகர் என்று ஒரு கிளீனர் வந்து சேர்ந்தான். சரியான சோம்பேறி. ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற மறந்து இரண்டு முறை இன்ஜினைக் கொதிக்க வைத்தான். அவனோடு மாரடிக்க முடியாமல் அவனுடைய டிரைவர் எட்டே மாதத்தில் வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்து, லைசென்ஸும் எடுக்க வைத்து, வேறு ஓனரிடம் தள்ளிவிட்டார். சேகர் டிரைவராகிவிட்டான். அந்தச் சேதி கேட்ட அன்று தாவீதுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செங்கல்வராயனைச் சாப்பாட்டுக்கு அழைத்தார்கள். விக்டோரியா மீன் குழம்பை ஊற்றிவிட்டு நேராகவே கேட்டாள். "அண்ணே, இவருக்கு எப்போ வண்டி குடுப்பீங்க?"

செங்கல்வராயன் விரலை நக்கிவிட்டு மனசாரச் சொன்னார். "தங்கச்சி, டிரைவருங்க ஆயிரம் பேரு கெடைப்பான். இவன மாரி கிளீனரு மெட்ராசு பூரா தேடுனாலும் கெடைக்க மாட்டான். நான் வண்டி ஓட்ற வரிக்கும் இவன் எங்கூடத்தான். எவனுக்கும் வுட்டுத்தர மாட்டேன்."

சொன்னதில் கள்ளம் இல்லை. கேட்ட கணத்தில் தாவீதுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பிறகுதான் விக்டோரியாவைப் பார்த்தான். அவள் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள், ஒரு கை இடுப்பில்.

மறுநாள் அவன் லாரிக்குப் போகவில்லை. திருவள்ளூருக்கு பஸ் ஏறினான். உடம்பெல்லாம் அசதி, கோபப்படக்கூடத் தெம்பில்லை. டிரைவிங் ஸ்கூலில் மேஜைக்குப் பின்னால் இருந்தவர் பாரத்தை இழுத்துப் போட்டுப் பெயரும் வயதும் எழுதினார். முப்பத்தாறு என்றதும் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார்.

"இதுக்கு மின்னாடி லாரி ஸ்டீயரிங் புடிச்சிருக்கியா?"

தாவீது தன் கைகளைப் பார்த்தான். கயிறு இழுத்து இழுத்து உள்ளங்கை காய்த்திருந்தது.

"இல்ல சார்" என்றான். "நான் புதுசு."