பேதியில் செத்த நான் கண்டிச்சீமைக்குப் போன விதம்

நான் முதல் தடவை செத்தபோது எனக்கு நாலு வயது. எங்கள் ஊர் முன்சீபின் ஜனன மரணப் புத்தகத்தைக் கறையான் அரிக்காமல் விட்டிருந்தால் இன்றைக்கும் அதில் பார்க்கலாம்: பிச்சம்மாள், பெண், வயது நாலு, காரணம் பேதி. நான் சாகவில்லை என்பது, எழுதிய முன்சீபு உட்பட ஊரில் எல்லோருக்கும் தெரியும். சர்க்காருக்கு மட்டும்தான் தெரியாது. அதனால் என்ன குடி முழுகிவிடப் போகிறது என்று நாங்களும் இருந்துவிட்டோம்.

என்னைச் சாகடித்தவள் என் அத்தை, அப்பாவின் கூடப்பிறந்தவள். அவளை ஏரலில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடான எங்கள் வீட்டுக்கு வந்து, ஒரு பெண்பிள்ளையைப் பெற்று, மூன்றாம் மாதம் ஏரலுக்குத் தூக்கிக்கொண்டு போனாள். கோமதி என்று பேர். என்னைவிட நாற்பது நாள் மூத்தவள். மூன்று வயதில் கோமதிக்கு அங்கே பெரியம்மை வராமலிருக்க அம்மைப்பால் குத்தினார்கள். பத்தாம் நாள் காய்ச்சல் கண்டு போய்விட்டாள். அந்த வருஷம் ஆற்றோரம் முழுக்க அதே காய்ச்சல்தான், அம்மைப்பால் குத்தாத பிள்ளைகளும் போனார்கள் என்று அப்பா எவ்வளவோ சொன்னார். அத்தை காதில் ஏறவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தவள் திரும்பிப் போகவும் இல்லை. மாமா இரண்டு தடவை வந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வேறு கல்யாணம் செய்துகொண்டார்.

அடுத்த வருஷம் அம்மைப்பால் குத்துகிறவர் ஒரு கறுப்புக் குடையும் தகரப்பெட்டியுமாக எங்கள் தெருவுக்குள் நுழைந்தார். அம்மா நடவுக்குப் போயிருந்தாள். அப்பாவும் ஊரில் இல்லை. அத்தை என்னைத் தூக்கி அடுக்களை மூலையில் நின்ற குலுக்கைக்குள் இறக்கினாள். நெல் கொட்டி வைக்கும் ஆள் உயர மண்குலுக்கை அது. நெல் தீர்ந்து அடியில் கொஞ்சம்தான் கிடந்தது. "மூச்சு விட்டேன்னா கொன்னு போடுவேன்" என்று சொல்லி மூடியைச் சாத்தினாள்.

"இந்த வீட்டுல ஒரு பொட்டப்பிள்ள உண்டுன்னு எழுதியிருக்கே, எங்க?" என்று அவர் கேட்டது எனக்குக் கேட்டது.

"செத்துப் போச்சு" என்றாள் அத்தை.

"எப்ப?"

பதிலுக்குப் பதிலாக ஒரு அழுகை கிளம்பியது. தரையில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அத்தை அழுத அழுகையில் குலுக்கைக்குள் நானும் சேர்ந்து அழப் பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடிவந்தார்கள். எங்கள் ஊரில் முதலில் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, அப்புறம்தான் யார் செத்தது என்று கேட்பார்கள். யாரோ வயலுக்கு ஓட, அம்மா சேற்றுக்காலோடு வந்து வாசலில் விழுந்தாள். என்னைப் பற்றி இத்தனை நல்ல வார்த்தைகளை நான் அதுவரை கேட்டதே கிடையாது. முந்தின நாள் என்னை முருங்கைக்காய்க் கள்ளி என்று வைத பக்கத்து வீட்டுக்காரி, "தங்கம்லா அந்தப் பிள்ள" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அவர் குடையை எடுத்துக்கொண்டு பையப் போய்விட்டார். நெல் தூசியை அடக்கி அடக்கிப் பார்த்து, அதற்குப் பிறகுதான் தும்மினேன். குலுக்கை தும்முவதைக் கேட்டு இரண்டு பெண்கள் அடுக்களையை விட்டே ஓடினார்கள். அம்மா என்னை வெளியே தூக்கி முதலில் முத்தமிட்டாள், அப்புறம் அடித்தாள், அப்புறம் அத்தையோடு எட்டு நாள் பேசவில்லை.

ஆனால் அந்த மனிதர் நேரே முன்சீபு வீட்டுக்குப் போயிருந்தார். செத்த பிள்ளையை ஏன் இன்னும் எழுதவில்லை என்று சர்க்கார் ஆள் கேட்டால் முன்சீபுக்கு வம்பு. அதனால் அவர், "எழுதத்தான் புஸ்தகத்தை எடுத்தேன், நீரும் வந்துட்டீரு" என்று சொல்லி வந்தவர் கண் முன்னாலேயே எழுதிவிட்டார். காரணம் தெரியாததால் பேதி என்று போட்டார். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் காரணம் தெரியாத சாவெல்லாம் பேதிதான்.

அப்புறம் மூன்று வருஷம் நான் சௌகரியமாகச் செத்திருந்தேன். குடையைக் கண்டால் குலுக்கைக்குள் இறங்கவேண்டும், அவ்வளவுதான் தொந்தரவு. முன்சீபு என்னைத் தெருவில் பார்த்தால், "என்ன, செத்தவுக எங்கன கிளம்பிட்டாக?" என்று கேட்டுக் கருப்பட்டித் துண்டு தருவார். தருவதற்கு முன் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொள்வார்.

அப்பா அந்த மூன்று வருஷமும் கண்டிச்சீமையில் தேயிலைத் தோட்டத்தில் இருந்தார். ஜெர்மன் சண்டைக்குக் கொஞ்சம் முந்தி, ஒரு கார்த்திகை மாதம் அவரிடமிருந்து கடுதாசி வந்தது. முன்சீபுதான் வாசித்தார். குடும்பத்தோடு இருக்கிறவர்களுக்குத் துரை தனிக் காம்பரா, அதாவது ஒரு அறை வீடு, தருகிறார், தைக்குள் நீயும் பிள்ளையும் வந்து சேர்ந்தால் நமக்கு ஒன்று உண்டு, தவறினால் வேறு ஆளுக்குப் போய்விடும், அப்புறம் எப்போது என்று சொல்ல முடியாது. உனக்கும் கொழுந்து பறிக்கிற வேலை தருவார்கள். கூடைக்கயிற்றைத் தலையில் மாட்டி, கூடையை முதுகில் தொங்கவிட்டு, இரண்டு கையாலும் பறிக்கவேண்டும். இரண்டு இலை, ஒரு கொழுந்து. முற்றல் இலை சேர்ந்தால் திட்டு விழும். அங்கனயே பழகிக்கொண்டு வா.

அம்மா எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. மறுநாளே சாணிக்கூடையைக் கழுவிக் கயிறு கட்டித் தலையில் மாட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போய்விட்டாள். அங்கே தேயிலைக்கு எங்கே போவது? கரை நெடுக நொச்சிதான் நின்றது. இரண்டு இலை, ஒரு கொழுந்து என்று சொல்லிச் சொல்லி நொச்சியைப் பறித்தாள். முதல் நாள் கூடையின் கனத்தில் மல்லாக்க விழுந்தாள். பத்தாம் நாள் எங்கள் ஊர்க்கரையில் நொச்சிக்குத் தலையே இல்லை. பறித்ததை வீணாக்க மனமில்லாமல் வீடுவீடாகக் கொடுத்தாள். அந்த மாதம் ஊரில் சளி பிடித்தவர்களும் ஆவி பிடித்தார்கள், பிடிக்காதவர்களும் பிடித்தார்கள்.

மார்கழியில், தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி வந்தார். எங்கள் வீட்டு முற்றத்தில் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து சொன்னார்: "போற ஆளுக பேரெல்லாம் ஒரு காயிதத்துல எழுதி முன்சீபு கையெழுத்து வேணும். அது இல்லாம முகாமுக்குள்ள விடமாட்டாங்க. தூத்துக்குடிக்கு இந்தப் பக்கம் முகாம். அங்கன அஞ்சாறு நாள் வச்சு, சீக்கு இருக்கான்னு பாத்து, எல்லாருக்கும் அம்மைப்பால் குத்தித்தான் கப்பலுக்கு அனுப்புவாங்க."

"எல்லாருக்குமா?" என்று கேட்டாள் அத்தை. அவள் ஒரு ஓரமாக உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள்.

"கைப்பிள்ளைக்குங்கூட."

அத்தையின் கையில் சுளகு நின்றது. முன்சீபைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவர் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, அம்மாவின் பேரை எழுதினார். அடுத்தாற்போல் என்னைப் பார்த்தார். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இவளை எப்படிம்மா எழுத? இவதான் செத்துட்டாளே."

"உயிரோட நிக்காளே, உங்க முன்னாலதான" என்றாள் அம்மா.

"நிக்கா. யாரு இல்லன்னா? செத்தவ பேருல கையெழுத்துப் போட்டா எனக்கு வேலை போயிரும். இல்ல, சாகலன்னு தாசில்தாருக்கு எழுதினா, பின்ன ஏம்லே எழுதினேன்னு கேப்பாரு, அப்பவும் வேலை போயிரும். வேணும்னா இப்பப் பொறந்ததா எழுதலாம். அதுக்கு இவ ஒரு மாசப் பிள்ளையா இருக்கணும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முன்பல் இரண்டும் விழுந்து நின்றேன். ஒரு மாசப் பிள்ளை என்று சொன்னால் கங்காணியே நம்பமாட்டார்.

அம்மா கூடையைத் தூக்கி முற்றத்தில் எறிந்தாள். "எம் பிள்ளைய விட்டுட்டு நான் போகலை. அவுகளை அங்கனயே தனியாக் கிடக்கச் சொல்லுங்க" என்று அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. அப்பாவின் முகம் எனக்குச் சரியாக நினைவில் இல்லை. மீசை மட்டும்தான் ஞாபகம் இருந்தது. அந்த மீசையைப் பார்க்கவேண்டும் என்று அன்றைக்கு எனக்கு அப்படி ஒரு ஆசை.

அத்தை சுளகைக் கீழே வைக்காமலேயே முன்சீபிடம் சொன்னாள்: "கோமதி இருக்கால்லா, அண்ணாச்சி."

அவள் அந்தப் பேரைச் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை.

"அவ இங்கனதான பொறந்தா. போனது ஏரல்லதான. உங்க புஸ்தகத்துல அவ உசிரோட இருப்பால்லா?"

முன்சீபு எச்சில் தொட்டு ஏடுகளைப் புரட்டினார். ஒரு ஏட்டில் விரலை வைத்து, "இருக்கா" என்றார்.

"அப்ப அவ பேரை எழுதுங்க" என்று சொல்லிவிட்டு அத்தை உளுந்தைப் புடைக்கத் தொடங்கினாள்.

காகிதப்படி நான் கோமதி ஆனேன். அதில் ஒரு வில்லங்கம் இருந்தது. கோமதிக்குத் தாய் என் அத்தை. தாய் இல்லாமல் வேறு ஆளோடு போகிற பிள்ளையானால், தாய் ரயில் ஸ்டேஷனுக்கே வந்து முகாம் குமாஸ்தா முன்னால் சம்மதம் சொல்லவேண்டும் என்றார் கங்காணி. பிள்ளைகளைக் கடத்திக்கொண்டு போகிறார்கள் என்று புகாராம். ஆக, நான் அத்தையை அம்மா என்று கூப்பிடவேண்டும். பெற்ற அம்மாவை, மாமன் பெண்சாதி என்கிற முறையில், அத்தை என்று கூப்பிடவேண்டும்.

பதினைந்து நாள் எனக்குப் பாடம் நடந்தது. அம்மா நான் சோற்றில் கை வைக்கிற நேரம் பார்த்து, "ஏளா கோமதி" என்பாள். நான் யாரையோ கூப்பிடுகிறாள் என்று சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். தலையில் ஒரு குட்டு விழும். "அம்மா, வலிக்கி" என்பேன். அம்மா என்றதற்கு இன்னொரு குட்டு. "அத்தை, வலிக்கி" என்று அழுதால்தான் விடுவாள். முன்சீபும் தம் பங்குக்குத் தெருவில் என்னை மறித்து, "உங்க அம்மா எங்க?" என்று கேட்பார். நான் யோசித்து யோசித்து அத்தையைக் கை காட்டுவேன். சரியாகச் சொன்னால்தான் கருப்பட்டி.

பாடம் படிக்காதவள் அத்தை மட்டும்தான். அவள் சொல்லவேண்டியது ஒரே ஒரு வார்த்தை: சம்மதம். "நீயும் ஒருக்கச் சொல்லிப் பாரேன்" என்று அம்மா கேட்டதற்கு, "அங்கன வந்து சொல்லிக்கிடுதேன்" என்று எழுந்து போய்விட்டாள். இவள்தான் காரியத்தைக் கெடுக்கப்போகிறாள் என்று எனக்கு அப்போதே பட்டது.

போகிற அன்றைக்கு மாட்டுவண்டியில் திருநெல்வேலி ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தோம். மேசை போட்டு ஒரு குமாஸ்தா உட்கார்ந்திருந்தார். கங்காணி எங்கள் காகிதத்தைக் கொடுத்தார். குமாஸ்தா பேரை வாசித்துவிட்டுத் தலையைத் தூக்கி, "கோமதி, உங்க அம்மா எங்க?" என்றார்.

நான் அவருடைய மூக்குக்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினைந்து நாள் பாடமும் பறந்துவிட்டது. கை தானாக அம்மாவின் பக்கம் போனது. அம்மாவுக்கு முகம் வெளிறிவிட்டது. தலையில் குட்டு விழுந்த மாதிரி எனக்குத் தப்பு புரிந்து, தூக்கிய கையை அப்படியே தலைக்கு மேல் சுற்றி அத்தை பக்கம் கொண்டுவந்து, ஸ்டேஷனே கேட்கும்படி, "அம்மா!" என்று கத்திக்கொண்டு ஓடி அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். கங்காணி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"இது உம் மவளா?" என்று குமாஸ்தா அத்தையைக் கேட்டார்.

"ஆமா. எம் மவ."

"கோமதிய இவுககூட அனுப்ப உனக்குச் சம்மதமா?"

அவர் மறுபடி கேட்டார். அத்தை என் தலையில் கையை வைத்தபடி நின்றாள். வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். என்ஜின் வேறு ஊதியது. "அனுப்புதியா இல்லியாம்மா, சீக்கிரம் சொல்லு" என்று குமாஸ்தா பேனாவைத் தட்டினார். எனக்குத் தெரியும், நான் அப்போதே நினைத்தேன், பாடம் படிக்காததன் பலன் இது. அவள் சேலையைப் பிடித்து இழுத்து, காதுக்கு எட்டும்படி எக்கிச் சொல்லிக்கொடுத்தேன்: "சம்மதம்னு சொல்லும்மா."

அத்தை குனிந்து என்னைப் பார்த்தாள். "சம்மதம்" என்றாள்.

ரயில் கிளம்பியதும் அடக்க முடியாமல் அம்மாவிடம் சொன்னேன்: "ஒரே ஒரு வார்த்தை. அதுகூட அத்தைக்கு மறந்து போச்சு. நான்தான் சொல்லிக்கொடுத்தேன், பாத்தேல்லா?" சொல்லிவிட்டுச் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். இத்தனை குட்டு வாங்கிப் பாடம் படித்துக் காரியத்தைக் காப்பாற்றிக் கொடுத்தவளை ஒரு வார்த்தை மெச்ச ஆளில்லையே என்று, மணியாச்சி வருகிற வரைக்கும் நான் யாரோடும் பேசவில்லை.