சுருதிக் கோப்பையில் ஒரு மடக்கு

ட்ரூடி வீப் பகலில் ஒரு பல் டாக்டரின் முன்மேசையில் உட்கார்ந்து, பயந்துகொண்டு வருகிறவர்களிடம் "வலிக்கவே வலிக்காது, உக்காருங்க" என்று பொய் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவள். சாயங்காலமானால் பாடகி. பிறந்து வளர்ந்தது எல்லாம் கனடாவின் வினிபெக். மெனனைட் என்கிற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம். அந்தச் சனங்களுக்குப் பேச்சு வருவதற்கு முன்னே பாட்டு வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நாலு குரலாகப் பிரிந்து பாடுவார்கள். ட்ரூடிக்கு உச்சக் குரல். ஆனால் அவள் மனசு போனது, இன்றைக்கு உயிரோடு இருக்கிறவர்கள் எழுதும் புதுப் பாட்டுகளின் பக்கம். ஒரே ஒரு பெண் குரல், கூடவே ஒரு புல்லாங்குழல், வயலினுக்கு அக்காள் மாதிரி ஒரு வயோலா, தட்டவும் தேய்க்கவும் கையில் அகப்பட்டதெல்லாம்.

அவள் அப்பா கொர்னீலியஸ் ரொட்டிக் கடையில் உழைத்து ஓய்ந்தவர். "நம்ம கோயில்ல நாலு குரல் ஒண்ணா சேருதும்மா. நீ பாடினா ஒரு குரலே நாலாப் பிஞ்சு போகுது" என்பார். சொல்வாரே தவிர, ஒரு கச்சேரியையும் விடமாட்டார்.

ட்ரூடிக்கு மகள் எல்சி பிறந்தாள். அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த பன் மாதிரி கன்னம். கொர்னீலியஸுக்குத் தலைகால் புரியவில்லை. வயிற்றைக் கீறி எடுத்த பிரசவம் என்பதால் ட்ரூடிக்குத்தான் அடிவயிற்றில் பிடிமானம் போய்விட்டது. பாடும்போது மூச்சைப் பிடித்து நிறுத்த முடியவில்லை.

இசையமைக்கிற ஆர்லீன் கோவல் அவளுக்கென்றே எழுதிய பாட்டில் நடுவே ஓர் இடம் வரும். மற்ற வாத்தியங்கள் அடங்கிவிடும். தட்டுவாத்தியக்காரன் ராஸ், தண்ணீர் ஊற்றி வரிசையாக வைத்த ஒயின் கோப்பைகளில் ஒன்றின் விளிம்பை ஈர விரலால் தேய்ப்பான். அந்த ஒற்றை ஓசையைச் சுருதியாகப் பிடித்துக்கொண்டு அவள் உச்சிக்குப் போய் அங்கேயே நிற்க வேண்டும். ஒத்திகையில் ஒவ்வொரு தடவையும் குரல் உடைந்தது.

"கொஞ்சம் இறக்கி எழுதித் தரேனே" என்றாள் ஆர்லீன்.

"வேண்டாம். ஒரு தடவை இறங்கினா இறங்கிக்கிட்டேதான் இருப்பேன். கச்சேரியிலயும் உடைஞ்சா பாட்டையே மூட்டை கட்டிடுறேன்."

சும்மா சொல்லவில்லை. ஆர்லீனுக்கும் அது தெரியும்.

கச்சேரி கோயிலின் கீழ்த்தள மண்டபத்தில். வாசலில் பனி ஒட்டிய பூட்ஸ்கள் குவிந்து கிடந்தன. மேடை ஏறுமுன் ட்ரூடி குழந்தைக்குப் பால் கொடுத்து, அதை அப்பாவிடம் தந்துவிட்டு ஓடிவந்தாள். தண்ணீர் பாட்டில் குழந்தையின் பையோடு கடைசி வரிசைக்குப் போய்விட்டது.

பால் கொடுக்கிறவளின் தாகம் சாதாரணத் தாகமா? பாட்டு தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. குழலும் வயோலாவும் மட்டும் வாசிக்கிற இடம் வந்தது. பக்கத்து மேசையில் தெளிவாகத் தண்ணீர். கை தானாகப் போனது. எடுத்து ஒரு பெரிய மடக்கு குடித்துவிட்டு வைத்தாள்.

வைத்தபிறகுதான் ராஸின் முகத்தைப் பார்த்தாள். தண்ணீர் மட்டத்துக்காக அவன் பேனாவால் போட்டிருந்த கோடு கண்ணாடியில் தனியாக நின்றது.

"அது உன் சுருதிக் கோப்பை, தாயே" என்றான் உதடு அசையாமல்.

"வேற கோப்பையில இருந்து ஊத்து."

"ஊத்தினா அதோட சுருதியும் போச்சு."

குழல் நின்றது. வயோலா நின்றது. ராஸ் வேறு வழியில்லாமல் விரலை நனைத்துத் தேய்த்தான். தண்ணீர் குறைந்தால் ஓசை ஏறும், ஏறித்தான் வந்தது. வாரக்கணக்காக அவள் பயந்து செத்த அந்தச் சுரம் இப்போது எங்கேயும் இல்லை. பயப்படுவதற்கு நேரமும் இல்லை. காதைத் தீட்டிக்கொண்டு, கோப்பை கூப்பிட்ட உயரத்துக்கு ஏறினாள். தையல் போட்ட இடம் சுரீரென்று இழுத்தது. குரல் நின்றது. உடையாமல், ஆடாமல் நின்றது. அவள் இறங்கவில்லை என்பதால் ராஸும் விரலை எடுக்க முடியாமல் சுற்றிக்கொண்டே இருந்தான்.

முடிந்ததும் ஆர்லீன் மேடைக்குப் பின்னால் வந்தாள்.

"நான் எழுதினது அது இல்லையே."

"குடிச்சுட்டேன்" என்றாள் ட்ரூடி.

"அடுத்த தடவை வினிகர் ஊத்தி வைக்கிறேன்" என்றான் ராஸ். "அப்ப நீ எப்படிக் குடிக்கிறேன்னு பாப்போம்."

ஆர்லீன் சிரித்தாள். "எழுதினது இல்லைதான். ஆனா உடையலை."

அதற்குள் கொர்னீலியஸ் குழந்தையோடு வந்து சேர்ந்தார்.

"தூங்கிட்டாளாப்பா?"

"நீ பாடுறப்ப யாரு தூங்க முடியும்? கண்ணை உருட்டிக்கிட்டு உக்காந்திருந்தா மகாராணி."

ட்ரூடி செருப்பை உதறிவிட்டு மடக்கு நாற்காலியில் சரிந்து, எல்சியை மார்பில் அணைத்தாள். பிரசவத்திலிருந்து நெஞ்சுக்குள் கிடந்த கல் எப்போது உருண்டு போனதென்றே தெரியவில்லை.

"இலையுதிர் காலத்துக்கு ஒண்ணு எழுதிட்டிருக்கேன்" என்றாள் ஆர்லீன். "யார் பாடுறதுன்னு இன்னும் போடலை."

"என் பேரைப் போடுங்க" என்று ட்ரூடி கண்ணை மூடிக்கொண்டாள்.