படங்கை அவிழ்த்த நேரம்

அக்கரப்பத்தனைத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள் நான். அட்டைக்கடி தாங்காமல், பழைய பெட்சீட்டில் எனக்கு நானே ஒரு நீளக் காற்சட்டை தைத்தேன். இடுப்பை அளந்து, அதே அளவுக்கு இலாஸ்டிக் வெட்டிக் கோர்த்தேன். காலையில் அதைப் போட்டு, தேயிலைச்செடி கிழிக்காமல் கட்டுகிற தடித்த விரிப்பான படங்கை அதற்கு மேலே இடுப்பில் சுற்றி, கயிற்றால் இறுக்கிக்கொண்டு மலைக்குப் போனேன். மத்தியானம்வரை ஏறி இறங்கியும் காற்சட்டை அசையவில்லை. எனக்கே பெருமை.

கொழுந்து நிறுக்கும் இடத்தில் படங்கை அவிழ்த்து வைத்துவிட்டு, கொழுந்துச் சாக்கை இரண்டு கையாலும் தூக்கினேன். காற்சட்டை இறங்கத் தொடங்கியது! என்னோடு கொழுந்து பறிக்கிற செல்வி பின்னால் நின்றவள், பாய்ந்து பிடித்து, “அக்கா, அசையாதீங்க!” என்றாள். கணக்கப்பிள்ளை தராசையே பார்த்துக்கொண்டிருந்ததால் தப்பினேன்.

அதுவரை எப்படித்தான் நின்றது? வீட்டுக்கு வந்து, கயிறில்லாமல் போட்டுப் பார்த்தபோதுதான் விளங்கியது. இடுப்பளவுக்கே வெட்டியதால் இலாஸ்டிக் கொஞ்சமும் இழுபடவில்லை. காலையிலிருந்து தாங்கியது கயிறு! நாலு விரல் அளவு வெட்டிக் குறைத்தேன். கவ்விப் பிடித்தது.

இப்போது எந்தக் காற்சட்டை தைத்தாலும் இலாஸ்டிக்கை அப்படிக் குறைத்துத்தான் வெட்டுகிறேன். கயிறு கட்டாமல் நாங்கள் குடியிருக்கும் லயத்துப் படியில் ஏறி இறங்கிப் பார்த்த பிறகே இடுப்பு மடிப்பை மூடித் தைக்கிறேன். ஆனாலும் செல்விக்கு நம்பிக்கை வரவில்லை. கொழுந்து நிறுக்கும்போது இன்னும் என் பின்னால்தான் நிற்கிறாள்.