சமையலறை மூலையும் ஏழுமலை அண்ணனும்

ஏழுமலை அண்ணன் இறந்துபோனதை எனக்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கிரானைட் கல் இறக்க வந்தவர் படியேறி எங்கள் கடைக்குள் எட்டிப் பார்த்து, அரை நாள் கடையை மூடுகிறீர்களா, இல்லை யாராவது ஒருவர் மட்டும் போய்வருகிறீர்களா என்று கேட்டார். எதற்கு என்றேன். எனக்குத் தெரியாமல் இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை. தடுமாறிப்போய், நேற்றுக் காலையில் டீ குடித்துக்கொண்டே சாய்ந்துவிட்டாராம், ஆட்டோவில் ஏற்றுவதற்குள் முடிந்துவிட்டதாம் என்றார். முந்தின நாள் மாலை அண்ணனிடமிருந்து போன் வரவில்லை. அதற்காக அந்த நிமிஷம்வரை மனதுக்குள் அவரைக் கோபித்துக்கொண்டிருந்தேன்.

அவரைத் தெரிந்தவர்கள் செஞ்சியில் நிறைய இருப்பீர்கள். உங்களில் பாதிப் பேருக்கு அவர் கல்யாண சமையல் ஏழுமலை. முழங்கால் தேய்ந்து பெரிய அடுப்புகளுக்கு முன்னால் நிற்க முடியாமல் போன பிறகுதான் எங்கள் மாடுலர் கிச்சன் கடையில் அளவெடுக்கச் சேர்ந்தார். நான் அங்கே கம்ப்யூட்டரில் படம் வரைபவள். அவர் வீடுவீடாகப் போய் அளவு கொண்டுவருவார், நான் கடையில் உட்கார்ந்து வரைவேன். ஒன்பது வருஷம் அப்படி ஓடியது. எங்கள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. கடையில் எல்லோரும் அண்ணன் என்றதால் நானும் அண்ணன் என்றேன்.

டேப்பை எடுப்பதற்கு முன்னால் அவர் வீட்டுக்காரர்களிடம் ஒரு வேளை சமைத்துக் காட்டச் சொல்வார். பனமலைப் பக்கம் ஒரு வீட்டில் அந்தம்மா வெட்கப்பட்டுக்கொண்டு உப்புமா மட்டும் கிண்டினாராம். போதாது, குழம்பு வையுங்கள் என்று சொல்லிவிட்டு வாசற்படி ஓரமாக ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். புளி எங்கே இருக்கிறது, எத்தனை தடவை திரும்புகிறார், எதற்காகக் குனிகிறார் என்று பார்த்தபடியே இருந்திருக்கிறார். கடைசியில் மூலை அலமாரிக்குள் கை விட்டு ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தாராம். பிரிக்காத ராகி மாவு பாக்கெட் நாலு வந்தது. நாலிலும் வண்டு. உள்ளே இருப்பது கண்ணில் படாததால் மாதாமாதம் புதிதாக வாங்கியிருக்கிறார்கள்.

சமையலறையில் இரண்டு பக்க மேடையும் சந்திக்கும் இடத்தில், கீழே ஒரு பெரிய இருட்டுப் பெட்டி உண்டாகும். எங்கள் தொழிலில் பாதிச் சண்டை அந்த மூலைக்காகத்தான். சுற்றுகிற தட்டு வைக்கலாம், இழுத்தால் வெளியே வருகிற தட்டு வைக்கலாம், ஒன்றும் வேண்டாம் என்று மூடிவிட்டு இரு பக்கமும் நல்ல இழுப்பறைகள் வைக்கலாம். வாடிக்கையாளர்களுக்கு மூடுவது என்றாலே பிடிக்காது. அவ்வளவு இடம் வீணாகிறதே என்பார்கள். அண்ணன் சொல்வது ஒன்றே ஒன்றுதான். "எட்டாத இடம் இடமே இல்லம்மா. அது செவுரு."

நான் செய்த ஒரு தப்பை இங்கே சொல்ல வேண்டும். ஒரு வாத்தியார் வீட்டுக்கு மூலையின் இரு பக்கமும் இழுப்பறை வரைந்தேன், நடுவில் இடைவெளிக்கு ஒரு பலகைப் பட்டை விடவில்லை. எல்லாம் பொருத்தி முடித்த பிறகு ஒன்றை இழுத்தால் அதன் கைப்பிடி மற்றதில் போய் முட்டியது. வாத்தியார் கோபமாகக் கடைக்கே வந்துவிட்டார். அண்ணன் எழுந்து நின்று, அளவைத் தான்தான் தப்பாகக் கொடுத்துவிட்டதாகச் சொல்லி, திட்டையெல்லாம் வாங்கிக்கொண்டார். வாத்தியார் போன பிறகு என் மேஜைக்கு வந்து இரண்டு தீப்பெட்டிகளை மூலைக்கு மூலை வைத்தார். அவற்றின் உள்பெட்டிகளை இழுத்து, ஒன்றோடொன்று முட்டிக் காட்டினார். "மூணு விரல் பட்டை விடும்மா" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அதற்கப்புறம் அந்தப் பேச்சையே அவர் எடுத்ததில்லை.

அவர் எனக்காக அப்படி நின்றார். நான் அவருக்காக நிற்கவில்லை.

அனந்தபுரத்தில் சரோஜா என்ற அம்மா தனியாக இருந்தார். பக்கவாதம் வந்து வலது கை விழுந்துபோனவர். மகன் வெளிநாட்டிலிருந்து வீடியோ பார்த்து, மூலைக்கு இரட்டைத் தட்டு வேண்டும் என்று எங்கள் கடையில் ஆர்டர் கொடுத்திருந்தார். முன்தட்டை இழுத்து ஒதுக்கினால் பின்தட்டும் கூடவே வரும். பார்க்க அழகுதான். ஆனால் பாரத்தோடு இழுக்க இரண்டு கையும் வேண்டும். அந்தம்மா இடது கையால் தம்ளரைத் தூக்குவதற்கே மூச்சு வாங்குகிறது என்று அளவெடுத்து வந்த அன்று காலையே அண்ணன் என்னிடம் சொல்லியிருந்தார்.

முதலாளியிடமும் சொன்னார். முதலாளி கெட்டவர் இல்லை. மகன் கேட்டதைக் கொடுக்காவிட்டால் அவருக்கு என்ன பதில் சொல்வது என்பது அவர் கவலை. பேச்சு நீண்டதும் என் பக்கம் திரும்பினார்.

"மேடம், டிராயிங்ல அது பொருந்துதா, இல்லையா?"

"பொருந்தும் சார்" என்றேன்.

பொய் இல்லை. மில்லிமீட்டர் பிசகாமல் பொருந்தும். அந்தக் கையைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. வேலை போய்விட்டால் இந்த ஊரில் எனக்கு வேறு எங்கே கிடைக்கும் என்ற பயம் என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அண்ணன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மாட்டிக்கொண்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் அவர் தச்சரைக் கூட்டிக்கொண்டு அனந்தபுரம் போய்விட்டார். அந்த வீட்டில் மூலையின் முதுகுப்பக்கம் ஹாலில் இருந்தது. சமையலறைப் பக்கம் மூலையை மூடி, ஹால் பக்கம் கதவு வைத்துவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்தபடி இடது கையால் திறக்கிற உயரத்தில் அரிசி, பருப்பு, எண்ணெய். மகன் போனில் சத்தம் போட்டார். முதலாளி இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அண்ணன் டேப்பை மட்டும் எடுத்துக்கொண்டு படியிறங்கினார். நான் கம்ப்யூட்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மாலை போன் வந்தது. "இன்னாம்மா, நல்லா இருக்கியா? ஒரு படம் போட்டுத் தரியா?" தனியாகச் சின்னச் சின்ன வேலைகள் எடுத்துச் செய்துகொண்டிருந்தார். அதன்பின் மூன்று வருஷம், கடை முடிந்து நான் வீடு சேர்ந்ததும், ஏழு மணி வாக்கில் கூப்பிடுவார். அவர் எண்களைச் சொல்வார், நான் திருப்பிச் சொல்வேன். சிங்க்கிலிருந்து மூலை வரை எவ்வளவு, கதவு எந்தப் பக்கம் திறக்கும், பிளக் பாயின்ட் எங்கே. வேறு பேச்சு கிடையாது. அம்மா போன பிறகு என் வீட்டில் நான் ஒருத்திதான். சில நாட்களில் என் குரல் அந்த வீட்டுக்குள் கேட்டதே அந்த எண்களுக்காகத்தான் என்று இப்போதுதான் தெரிகிறது.

ஒரு தடவை துணிந்து, "அண்ணே, அன்னைக்கு நான் சொல்லியிருக்கணும்" என்று ஆரம்பித்தேன்.

"அது கெடக்குது. அடுப்பு பக்கம் எவ்ளோ விட்ட?" என்றார்.

நாற்பத்தைந்து சென்டிமீட்டர் என்றேன். போதும் என்றார்.

மலையடிவாரத்தில் இருக்கிற அவர் வீட்டுக்கு நான் முதன்முதலாகப் போனது அவர் கிடத்தப்பட்டிருந்த அன்றுதான். பெண்களுக்கு நடுவே உட்கார்ந்தேன். ஒவ்வொருவரும் அண்ணா, மாமா என்று ஓர் உறவுமுறை சொல்லி அழுதார்கள். எனக்குச் சொல்லி அழ ஒரு முறை இல்லை. கூட வேலை பார்ப்பவள் என்றும் சொல்ல முடியாது, அது முடிந்து மூன்று வருஷம் ஆகிவிட்டது. அவர் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நீங்கள் யார் என்று கேட்டார். பெயரைச் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. படம் வரைவேன் என்றேன்.

"தெனமும் ஏழு மணிக்கு நம்பரு நம்பரா பேசுவாரே, அந்த மேடமா?"

தலையாட்டினேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்குள் தன் தங்கை ஊரிலிருந்து வந்து சேர, கையை விட்டுவிட்டு அவரைக் கட்டிக்கொண்டு அழுதார். அண்ணனை எடுத்துக்கொண்டு போகும்வரை இருந்தேன். பிறகு நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

பத்து நாள் கழித்துக் கடைக்குத் தளவானூரிலிருந்து ஒரு வேலை வந்தது. அதே இரட்டைத் தட்டு. இப்போது அளவெடுக்கிறவர் சுவரை மட்டும் அளந்துகொண்டு வருகிறார். நானே அந்த வீட்டு அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். முதுகுத் தண்டில் ஆபரேஷன் ஆனவராம், குனியவே கூடாதாம். முதலாளியின் அறைக்குள் போனேன்.

"சார், அந்தத் தட்டு பொருந்தும். ஆனா அவங்களால குனிஞ்சு இழுக்க முடியாது. மூலையை மூடிடலாம்."

நிமிர்ந்து பார்த்தார். "அப்ப மாத்திடுங்க மேடம்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடக் கிளம்பினார்.

அவ்வளவுதான். அன்றைக்கும் இவ்வளவு நேரம்தான் ஆகியிருக்குமோ என்னவோ. இனி அதைத் தெரிந்துகொள்ள வழியில்லை. அன்று மாலை இதைச் சொல்வதற்கு எனக்கு ஆளும் இல்லை.

அவர் நோட்டுத் தாளில் பென்சிலால் வரைந்து போட்டோ எடுத்து அனுப்பிய படங்கள் அறுபதுக்கு மேல் என்னிடம் இருக்கின்றன. வீடு கட்டியவர் பெயரை ஒன்றில்கூட அவர் எழுதவில்லை. சமைப்பவர் பெயரைத்தான் எழுதியிருக்கிறார். கன்னியம்மா, நாலே முக்கால் அடி, வலது கை. ராணி, அஞ்சடி, இடது கை, ஸ்டூல் மேல ஏற மாட்டாங்க. பச்சையம்மா, முட்டி வலி, எல்லாம் இடுப்புக்கு மேல. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன். அந்தப் பெண்களின் கை எவ்வளவு தூரம் எட்டும் என்று எனக்குத் தெரியும். ஒருவரையும் நேரில் பார்த்ததில்லை. ஏழுமலை அண்ணனிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பவர்கள் அவர்கள்தான்.