கயிறு சுற்றிய ஸ்டீரிங்

அப்பா குளிப்பதற்கு முன்னால் வாளித் தண்ணீரில் கையை விட்டுப் பார்ப்பது என் உத்தியோகம். "சூடு சரியா இருக்காம்மா?" என்று கேட்பார். நான் முழங்கைவரை விட்டு, உதட்டைப் பிதுக்கி, கொஞ்ச நேரம் யோசிக்கிற மாதிரி நடித்துவிட்டுத்தான் உத்தரவு கொடுப்பேன். அந்த வேலையைத் தம்பிக்கு நான் ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை. "வந்துட்டாங்கய்யா இன்ஸ்பெக்டரம்மா" என்று அம்மா பழித்துக்காட்டுவாள். மெர்டேக்கா வரப்போகிறது, நம் ஆட்களே நாட்டை ஆளப்போகிறார்கள் என்று மலாக்கா முழுக்கப் பேச்சாக இருந்த காலம். காஜா பெராங்கில் எங்கள் பலகை வீட்டில் எனக்கும் ஒரு பதவி இருந்தது.

அப்பாவிடம் ஒரு லாரி இருந்தது. ஜப்பான்காரன் சண்டை முடிந்தபின் பட்டாளத்தார் ஏலம் விட்ட கிழட்டு லாரி. செங் என்ற ஊரில் மணல் ஏற்றி செமாபோக்கில் கொட்டுவார். எங்கள் வீட்டு உலையில் விழுந்த அரிசியெல்லாம் அந்த லாரி இழுத்து வந்ததுதான். அதன் ஸ்டீரிங் வளையம் கெட்டிக் கறுப்பு ரப்பர், உள்ளே இரும்பு. வெயில் பட்டுப் பட்டு ரப்பர் அங்கங்கே வெடித்திருந்தது. ஒருநாள் அப்பா அதன்மேல் கயிற்றைச் சுற்றினார். சில மாதம் கழித்துப் பழைய துணியைச் சுற்றி மறுபடியும் கயிறு. கடைசியில் வளையம் என் கணுக்கால் பருமனுக்கு வந்துவிட்டது. அதிலும் திருப்தியில்லாமல் வலது பக்கத்தில் மரக்குமிழ் ஒன்றைப் பூட்டி, உள்ளங்கையால் அதைத் தள்ளியே லாரியைத் திருப்பினார். விரல் முன்னைப்போல மடங்கவில்லை, வாடைக்காற்று பிடித்துவிட்டது என்று வீட்டில் சொன்னார்.

வெளியில் அதற்குப் பெயர் ஸ்டைல்! புக்கிட் ரம்பாய் லாரிக்காரர் ஒருவர் வந்து பார்த்து, தன் லாரிக்கும் அதேபோலச் சுற்றிக்கொண்டு போனார். எனக்குத் தலைகால் புரியவில்லை. போதாததற்கு, அப்பா விரலிடுக்கில் சிகரெட் கங்கு தோலைத் தொட்டு எரியும், அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பார். எங்கள் அப்பாவுக்கு நெருப்பே சுடாது என்று தமிழ் பேசத் தெரியாத பக்கத்து வீட்டு மலாக்கா செட்டிப் பிள்ளைகளிடம் மலாயில் பீற்றிக்கொள்வேன். அவர்களும் வாயைப் பிளந்து கேட்பார்கள். அவர்கள் அம்மா மட்டும் வாயைப் பிளக்கவில்லை. "பெதுல் கா?" என்று என்னைக் கேட்டாள், நிஜம்தானா என்று. நிஜம்தான் என்று சத்தியம் செய்தேன்.

லாரியைச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டிய மாதம் வந்தது. அந்தக் குமிழோடும் கயிறோடும் போனால் அதிகாரி ஏன் என்று கேட்பார், கேட்டால் கையைப் பார்ப்பார், கையைப் பார்த்தால் லைசென்ஸ் போய்விடும். லைசென்ஸ் போனால் எங்கள் சோறு போய்விடும். இதை அம்மா என் முன்னாலேயே சொன்னாள். அதனால் அம்மாவின் தம்பியை, பஸ் பட்டறையில் வேலை செய்த என் மாமாவை, ஒரு ஞாயிற்றுக்கிழமை வரவழைத்தார்கள். ஸ்டீரிங்கைப் பழையபடி ஆக்க வேண்டும், அவ்வளவுதான் அவரிடம் சொன்னது.

மாமா வளையத்தைக் கழற்றி வந்து கொய்யா மரத்தடியில் உட்கார்ந்து கயிற்றை அறுத்தார். மேல்சுற்று சுலபமாக வந்தது. அடிச்சுற்று வரவில்லை. துணியும் கயிறும் கறுத்து, விறைத்து, ரப்பரோடு ஒட்டிக் கிடந்தன. "என்னத்தான், எண்ணெயக் கொட்டி வச்சிருக்கீங்க?" என்று திட்டிக்கொண்டே மண்ணெண்ணெயை ஊற்றி ஊறவைத்தார். ஊறிய துணியை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்; எண்ணெய் இல்லை, காய்ந்த ரத்தம். எழுந்துபோய் அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பினார். உள்ளங்கையில் கயிறு அறுத்த புண்கள். விரலிடுக்கில் சூட்டுப் புண்கள். ஒன்றிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

"அத்தான், இது எப்ப ஆச்சு?"

அப்பா குனிந்து தன் கையையே பார்த்தார். "எது?" என்றார்.

மாமா அப்பாவை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்தார். அம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு உள்ளே போனாள். மாமாவும் பின்னாலேயே போனார், அடுப்பங்கரையில் அவள் குரல் கேட்டது. "முதுகுல தேமல் வந்தப்பவே எனக்குத் தெரியும்டா. ஆஸ்பத்திரிக்குப் போனா திரும்ப விடமாட்டாங்க. கொண்டுபோய் அடைச்சிருவாங்க. இதுங்கள வச்சுக்கிட்டு நான் என்னடா செய்வேன்?" அவள் அழுவது பயமாக இருந்தது. கை வலிக்கு யாராவது இப்படி அழுவார்களா என்று எரிச்சலாகவும் இருந்தது.

அப்பாதான் முடிவு சொன்னார். "சோதனை முடியட்டும் மச்சான். அப்புறம் மறுபடி கயித்தச் சுத்திக்கிறேன். யாருக்குத் தெரியப்போவுது?" முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதை. மாமா தலையாட்டினார். வேறென்ன செய்வார், அவருக்கும் அக்காவின் தாலிதானே பெரிது.

அப்புறம் மாமா அந்த வேலையைச் செய்த விதம் இருக்கிறதே! வெடிப்புகளை ரம்பத்தகட்டால் சுரண்டி, துரு தெரிந்த இரும்பை அரத்தால் ராவி, பட்டறையிலிருந்து கொண்டுவந்த பட்டிப் பசையை வைத்து அடைத்தார். காய்ந்ததும் தண்ணீர் தொட்டுத் தொட்டு உப்புத்தாள் போட்டார். கறுப்புச் சாயம் பூசி, கொய்யாக் கிளையில் தொங்கவிட்டுக் காயவைத்து, மறுபடியும் தேய்த்து, மறுபடியும் பூசினார். வெள்ளைக்காரப் பட்டாளத்தான் கையில் இருந்தபோதுகூட அது அப்படி மின்னியிருக்காது. கழற்றிய கயிற்றையும் துணியையும் அம்மா வீட்டுப் பின்னால் கொண்டுபோய் எரித்தாள்.

சோதனைக்கு மாமாவே ஓட்டிப்போவதாகச் சொன்னார். அப்பா கேட்கவில்லை. "என் லாரிய நான்தான் ஓட்டுவேன். நான் செத்தா போயிட்டேன்?" என்று ஏறி உட்கார்ந்தார். மாமா பக்கத்தில் ஏறினார். லாரி சந்தில் மெதுவாகத்தான் போனது. முனையில் திருப்பும்போது அந்த ஒல்லி வளையம் அப்பா கையிலிருந்து வழுக்கிக்கொண்டு தன்போக்கில் சுழன்றது. அவர் கைகள் அதன்மேல் தடவிக்கொண்டே இருந்தன, பிடிக்கவில்லை. லாரி செட்டி வீட்டு வேலியை முறித்துக்கொண்டு நின்றது. வேலியோரம் கோலி ஆடிக்கொண்டிருந்த என் தம்பி, மூக்குக்கு நேராக நின்ற பம்பரைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தான்.

அம்மா ஐயோ என்று அலறிக்கொண்டு ஓடினாள். அப்பா இறங்கவில்லை. உட்கார்ந்தபடியே சாவியை மாமாவிடம் நீட்டினார். "மச்சான், இத நீயே வச்சுக்க. என்னை ஆஸ்பத்திரியில கொண்டு விடு. எம்புள்ள மேலயே ஏத்தியிருப்பேன்லா" என்றார்.

பெருவியாதி என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில்தான் கேட்டேன், பெஞ்சியில் என் பக்கத்தில் உட்கார மறுத்தவள் சொல்லி. மாமா லாரியைச் சோதனைக்குக் கொண்டுபோனார். ஸ்டீரிங்கைப் பற்றி அதிகாரி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குப் பிறகு மாமாதான் அதை ஓட்டி எங்களுக்குச் சோறு போட்டார். அப்பாவைக் கோலாலம்பூர்ப் பக்கம், தொழுநோயாளிகளுக்கென்றே இருந்த குடியிருப்பில் வைத்தார்கள். அங்கே மருந்து கொடுத்தார்கள், நோயும் அடங்கியது. ஆனாலும் அவர் வீட்டுக்கு வரவில்லை, அங்கேயே முடிந்துபோனார்.

கூட்டிப்போக வேன் வந்த காலையில், நாங்கள் தள்ளியே நிற்கவேண்டும் என்று அம்மா சொல்லியிருந்தாள். அப்பா வேனுக்குப் போகாமல் லாரியில் ஏறினார். புது ஸ்டீரிங்கில் இரண்டு கைகளையும் வைத்து வளையம் முழுக்கத் தடவினார். நான் அம்மாவை ஏமாற்றிவிட்டு லாரிப் படியில் தொற்றி ஏறிவிட்டேன்.

"எப்படிம்மா இருக்கு? வழவழன்னு இருக்கா?" என்று கேட்டார்.

எட்டி ஒரு விரலால் இழுத்துப் பார்த்தேன். "ரொம்ப வழவழன்னு இருக்குப்பா" என்றேன். பிறகுதான் எனக்கு உறைத்தது. "நீங்கதான் தொட்டுக்கிட்டு இருக்கீங்களே, அப்புறம் ஏன்பா என்னைக் கேக்குறீங்க?"

"அட, ஆமாம்ல!" என்று அப்பா சிரித்தார். மாமா சட்டென்று லாரிக்குப் பின்னால் போய்விட்டார். இவ்வளவு பெரிய ஆளுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று, வேன் சந்து முனை திரும்புகிறவரை நான் சிரித்துக்கொண்டே இருந்தேன்.