வண்டி மாட்டு மணி

ஏரித் தண்ணி எட்டாத மேட்டில் கிணறு வெட்டினேன். மூன்றாங் கிளாஸ் படிப்போடு ரைஸ் மில் கட்டினேன். உத்திரமேரூர்ப் பக்கம் என்னைக் கண்டு எழுந்து நிற்காத ஆள், என் மில் வாட்ச்மேன் ஒருத்தன்தான்.

ஒல்லி ஆள். நெஞ்சு தாறுமாறாக அடிக்கிறதென்று காஞ்சிபுரத்தில் மாத்திரை கொடுத்திருந்தார்கள். அதைப் போட்டால் பிரஷர் இறங்கிவிடும். உப்புக் கஞ்சி குடித்து, தூணைப் பிடித்து, மெதுவாகத்தான் எழுவான்.

"இன்னாடா, குந்திக்கினே கீறே?"

"வெடுக்குனு எழுந்தா கண்ணு இருட்டிக்குது மொதலாளி. மெதுவா எழுந்திரின்னாரு டாக்டரு."

"கூலி குடுக்கறது நானா, டாக்டரா?"

சட்டென்று எழுந்தான். அப்படியே சாய்ந்து, தராசில் மண்டை உடைந்தது. ரத்தத்தில் கிடந்தபடியே, என் முன்னால் தோளில் துண்டு இருக்கிறதென்று தடவி எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டான்.

என் வண்டியில்தான் ஏற்றிப்போய்த் தையல் போட வைத்தேன். அவன் வேலைக்குத் திரும்பியதும் வண்டி மாட்டுக்குப் பெரிய மணி கட்டினேன். ஏரிக்கரையில் மணிச் சத்தம் கேட்டதும் எழ ஆரம்பிப்பான். நான் வாசலில் இறங்கும்போது நின்றுகொண்டிருப்பான். என் முகத்தை மட்டும் பார்க்க மாட்டான். ஏனென்று இன்றுவரை விளங்கவில்லை.

அதற்கப்புறம் அவன் விழவே இல்லை. எல்லாம் டாக்டர் புண்ணியம் என்கிறது ஊர். மணி கட்டினவன் நான். அதையும் சேர்த்துச் சொல்லணும்.